மூட்டும் தசையும் – 9: கணுக்கால் மீண்டும் மீண்டும் பிரள்வது ஏன்?

மூட்டுக் காயங்களில் மிகப் பரவலானதாக இருந்தும் மிகக் குறைவாகப் பொருட்படுத்தப்படுவது கணுக்கால் சுளுக்கே ஆகும். படியிறங்கும்போதோ, மேடுபள்ளமான தெருவில் நடக்கும்போதோ, கூடைப்பந்து ஆட்டத்தில் குதித்து இன்னொருவர் பாதத்தின்மீது இறங்கும்போதோ பாதம் உட்புறமாக மடங்கிவிட, உடலின் எடை முழுவதும் கணுக்காலின் வெளிப்பக்கத்தில் விழுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் வீக்கம் வடிந்து, வலி குறைந்து, பழையபடி நடக்க முடிந்ததும் காயம் ஆறிவிட்டதாகக் கருதுவது வழக்கம். ஆயினும் அதே கால் சில மாதங்களுக்குள் மறுபடியும் பிரள்வதும், பின்னர் சமதரையில்கூட நிலைகொள்ளாமல் தடுமாறுவதும் பலரிடம் காணப்படுகின்றன. வலி தீர்வதும் மூட்டு தேறுவதும் ஒன்றல்ல என்பதே இதற்குக் காரணம். இயன்முறை மருத்துவத்தின் பெரும்பகுதி வேலை வலி தீர்ந்த பிறகுதான் தொடங்குகிறது.

எலும்பையும் எலும்பையும் பிணைத்து நிறுத்தும் உறுதியான நார்ப்பட்டையே லிகமெண்ட் எனப்படும் தசைநார். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் இதிலிருந்து வேறானது. கணுக்காலின் வெளிப்பக்கத்தில் மூன்று தசைநார்கள் உள்ளன. அவற்றுள் ஃபிபுலா என்னும் மெல்லிய கீழ்க்கால் எலும்பின் நுனியிலிருந்து முன்னோக்கிச் சென்று, பாதத்தின் மேற்பகுதியில் அமர்ந்திருக்கும் டாலஸ் எலும்பைப் பற்றும் முன்புறத் தசைநாரே பெரும்பாலான சுளுக்குகளில் முதலில் காயமடைகிறது. டாலஸ் எலும்பு முன்பக்கம் அகன்றும் பின்பக்கம் குறுகியும் இருப்பதால், விரல் நுனி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் நிலையில் அதன் குறுகிய பகுதியே மூட்டுக்குழிக்குள் வருகிறது. அப்போது எலும்பின் பிடிமானம் தளர்ந்து, முன்புறத் தசைநார் இறுகி நீண்டிருக்கிறது. குதித்து இறங்கும் கணத்திலும் படியில் காலை இறக்கும் கணத்திலும் சுளுக்கு அதிகம் நேர்வதற்கு இதுவே உடலமைப்பு சார்ந்த காரணம். நார்கள் இழுபட்டு நிற்பது முதல் நிலைக் காயம் என்றும், பகுதியாகக் கிழிவது இரண்டாம் நிலை என்றும், முற்றாக அறுவது மூன்றாம் நிலை என்றும் மருத்துவர்கள் வகைப்படுத்துகின்றனர்.

காயம்பட்ட காலைக் கண்டதும் எழும் முதற்கேள்வி எலும்பு முறிந்திருக்குமா என்பது. 1992-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்னும் அவசர சிகிச்சை மருத்துவரும் அவருடைய குழுவினரும் வகுத்த விதிகள் இதற்கு எளிய வழியைத் தந்தன. கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்விளிம்பில் கடைசி 6 சென்டிமீட்டர் அளவிலோ நுனியிலோ அழுத்தும்போது வலித்தால், அல்லது அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் 4 எட்டுகூட எடுத்துவைக்க இயலாமற்போனால், எக்ஸ்ரே எடுக்கவேண்டும். நடுப்பாதம் வலிக்கும்போது, பாதத்தின் வெளிவிளிம்பில் சிறுவிரலுக்கு நேராக உள்ள நீளெலும்பின் அடிப்பகுதியையும், உள்வளைவின் உச்சியிலுள்ள சிற்றெலும்பையும் இவ்வாறே அழுத்திப் பார்க்கவேண்டும். இந்தச் சோதனை முடியும் முன்பே எண்ணெய் தடவிச் சுளுக்கு வழிப்பதும், இழுத்துச் சொடுக்கெடுப்பதும் நம் ஊர்களில் இன்றும் நடக்கின்றன. முறிவு இருந்தால் அது விலகவும், முறிவு இல்லாவிடினும் புதிதாகக் கிழிந்த திசுவில் இரத்தக் கசிவு கூடவும் இவை இடமளிப்பதால், முதற்சில நாட்களில் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கையும் ஒரே சூத்திரமாக 1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின் தம் நூலில் வழங்கினார். உலகெங்கும் விளையாட்டுத் திடல்களில் அது மாறா விதியாகப் பரவியது. அவரே 2014-இல், பனிக்கட்டியும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதித் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டார். காயத்தைத் தொடர்ந்து வரும் அழற்சி, அதாவது சிவந்து சூடேறி வீங்கும் நிலை, சிதைந்த திசுவை அகற்றிப் புதுத் திசுவுக்கு வழிவிடும் வேலையைச் செய்கிறது என்ற புரிதலே இந்த மாற்றத்துக்கு அடிப்படை. பனிக்கட்டி சிறிது நேரம் வலியை மரக்கச்செய்யும். அதற்கு மேலான பயனை அதனிடம் எதிர்பார்க்கத் தெளிவான சான்று இல்லை.

அழற்சி தணியத் தொடங்கும்போது, கொலாஜன் என்னும் புரத இழைகள் கிழிந்த இடத்தை நிரப்புகின்றன. முதலில் உருவாகும் இழைகள் மெலிந்தும் தாறுமாறாகவும் இருக்கும். பின்னர் வரும் வாரங்களிலும் மாதங்களிலும் உறுதியான இழைகள் அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. அந்த இழைகள் எந்தத் திசையில் அடுக்கப்படவேண்டும் என்பதை, அத்திசுவின்மீது விழும் இழுவிசையே தீர்மானிக்கிறது. ஆகவே அளவறிந்து தரப்படும் சுமையும் அசைவும் மருந்தின் இடத்தில் நிற்கின்றன. வட அயர்லாந்தில் 101 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், மிதமான சுளுக்குடையோர் முதல் வாரத்திலேயே பயிற்சிகளைத் தொடங்கியபோது அவர்களுடைய காலின் செயல்திறன் விரைவில் மேம்பட்டது.

ஆனால் அசைவையே மறுப்பில்லாத கோட்பாடாகக் கொள்வதும் பிழை. இங்கிலாந்தில் கடும் சுளுக்குற்ற 584 பேரிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. எடையே தாங்கமுடியாத அத்தகையோருக்கு முழங்காலுக்குக் கீழே 10 நாட்கள் மாவுக்கட்டுப் போட்டபோது, குழல்வடிவ மீள்துணிக் கட்டு மட்டும் அணிந்தவர்களைக் காட்டிலும் மூன்றாம் மாத முடிவில் அவர்கள் நன்றாகத் தேறியிருந்தனர். ஒன்பதாம் மாதத்தில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. காயத்தின் கடுமையைப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே முறையைப் பரிந்துரைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த ஆய்வு ஒன்றே போதும்.

இனி, பிரண்ட கால் ஏன் திரும்பத் திரும்பப் பிரள்கிறது என்ற கேள்விக்கு வரலாம். தளர்ந்த தசைநாரே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1965-இல் இலண்டனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமன், தசைநாருக்கு இன்னொரு கடமையும் உண்டு என்பதைச் சுட்டிக்காட்டினார். மூட்டு எந்தக் கோணத்தில், எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதை நரம்பு மண்டலத்துக்கு அறிவிக்கும் நுண்ணிய உணர்விகள் தசைநாரிலும் மூட்டுறையிலும் பதிந்துள்ளன. சுளுக்கின்போது நாரோடு அவையும் சேதமடைவதால், கால் மடங்கத் தொடங்கும் செய்தி தசைகளைச் சரியாக எட்டுவதில்லை என்று அவர் விளக்கினார். பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பிக் காக்கும் கீழ்க்கால் தசைகள் உரிய நேரத்தில் இறுகாவிட்டால், தசைநார் முழுமையாக ஆறியிருந்தாலும் கால் மடங்கவே செய்யும். அசையும் பலகைமீது நின்று சமநிலை பழகியவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் குறைந்ததையும் அவர் கண்டார். மூளையும் முதுகுத்தண்டும் இதில் வகிக்கும் பங்கு குறித்து அவருடைய விளக்கத்தைப் பிற்கால ஆய்வுகள் பெரிதும் விரிவாக்கியுள்ளன என்றாலும், அவர் காட்டிய பயிற்சி இன்றளவும் நிலைத்து நிற்கிறது.

முதற்சில நாட்களில் காலை நீட்டி அமர்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும், பெருவிரலால் காற்றில் எழுத்துகளை வரைவதும் போதுமானவை. எடை தாங்க முடிந்ததும், சுவரை நோக்கி நின்று குதிகால் தரையைவிட்டு எழாமல் முழங்காலைச் சுவரில் தொடும் பயிற்சி, முன்புறம் மடங்கும் அசைவை மீட்டுத்தரும். இந்த அசைவு குறைந்தபடியே நின்றுவிட்டால் நடையின் ஒழுங்கே மாறிவிடும். பின்னர் ரப்பர் பட்டையின் எதிர்விசைக்கு எதிராகப் பாதத்தை வெளிப்புறம் திருப்புவதும், குதிகாலை உயர்த்தி இறக்குவதும் வலுவைத் தருகின்றன. இவற்றோடு ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியும் தொடங்கவேண்டும்: முதலில் கண் திறந்து 30 வினாடிகள், அது எளிதானதும் கண்ணை மூடி, அதன்பின் தலையணைமீதோ அசையும் பலகைமீதோ நின்று, இறுதியில் பந்தைப் பிடித்து எறிந்தபடி. முதியவர்கள் கைக்கெட்டும் தொலைவில் சுவரோ கனத்த மேசையோ இருக்கும்படி நின்று பழகவேண்டும்.

இதன் பலனை நெதர்லாந்தில் 522 விளையாட்டு வீரர்களிடம் நடந்த, 2009-இல் வெளியான ஆய்வு அளந்து காட்டியது. வழக்கமான சிகிச்சைக்குப் பின் 8 வாரங்கள், வாரம் மும்முறை, மேற்பார்வையின்றி வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 22 விழுக்காட்டினருக்கும், பயிற்சி செய்யாதவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் சுளுக்கு திரும்ப நேர்ந்தது. செலவில்லாத, கருவி அதிகம் தேவைப்படாத ஒரு பயிற்சி இவ்வளவு பயன் தருகிறது. அப்படியிருக்க, பல இடங்களில் படுக்கவைத்து இயந்திரம் வைக்கும் சிகிச்சையோடு நோயாளியை அனுப்பிவிடுவது வருத்தத்துக்குரியது. அத்தகைய இயந்திரச் சிகிச்சைகளில் ஒன்றான அல்ட்ராசவுண்டைப் புதிய சுளுக்குக்குத் தருவதை ஆதரிக்கும் சான்று காணவில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் முடிவுசெய்துள்ளது.

ஆட்டத்துக்குத் திரும்பும் நாளைக் காலண்டரைப் பார்த்துத் தீர்மானிப்பது முறையன்று. காயமுற்ற காலால் குதிகாலை உயர்த்தும் எண்ணிக்கையும், ஒற்றைக் காலால் தாவும் தொலைவும் மற்ற காலுக்கு ஏறத்தாழ நிகராக இருக்கவேண்டும். ஓடியபடியே திசைமாறும்போது தயக்கம் இருக்கக்கூடாது. அதன் பின்னும் சில மாதங்கள் ஆட்டத்தின்போது கணுக்கால் பட்டையோ டேப்போ அணிவது மறுசுளுக்கைக் குறைக்கும். முறையாகப் பயிற்சி செய்தும் மூட்டு நழுவுவதுபோன்ற உணர்வு மாதக்கணக்கில் நீடித்தாலோ, மூட்டின் ஆழத்தில் வலி தங்கினாலோ, குருத்தெலும்பில் காயம் உண்டா என்பதை அறிய எலும்பியல் மருத்துவரை நாடுவது அவசியம்.