நட்சத்திரம் போடுவது புகார் அல்ல

போர்ச்சுகலின் தென்கோடியான அல்கார்வேயில், கடற்கரை விடுதிகளின் இரைச்சல் வேண்டாமென்று லோலே, சில்வெஷ், மொன்ஷீக் பக்கத்து உள்கிராமங்களில் வீடெடுத்துத் தங்குகிறவர்கள் நிறையப் பேர். விளம்பரப் படத்தில் நீச்சல் குளம் நீலமாக இருக்கும். போய்ப் பார்த்தால் பாசி படிந்திருக்கும். கிணற்று மோட்டார் ஓடாது. கிளம்பும் நாளில் முன்பணத்தைத் தர உரிமையாளர் இழுத்தடிப்பார். இப்படி ஏமாந்தவர்கள் அநேகமாக எல்லோரும் ஒன்றையே செய்கிறார்கள்: வாட்ஸ்அப்பில் சண்டை போட்டு, ஊர் திரும்பி, இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்கிறார்கள். அதனால் ஒரு யூரோகூடத் திரும்பி வராது. பணம் கட்டும் முன் ஒரு பதிவு எண்ணைச் சரிபார்ப்பதும், வீட்டைக் காலி செய்யும் முன் ஒரு புத்தகத்தில் எழுதுவதும்தான் அந்நாட்டுச் சட்டம் தந்திருக்கும் வழி. இரண்டையும் தவறவிட்டு ஊர் வந்து புலம்புகிறவர்களுக்குச் செய்யக்கூடியது மிகக் குறைவு.

முதலில் எண். சுற்றுலாப் பயணிகளுக்குக் குறுகிய நாட்களுக்கு வாடகைக்கு விடும் வீடு ‘அலொஜமெந்து லொக்கால்’ என்ற பிரிவில் பதிவாகியிருக்க வேண்டும். 2014-ம் ஆண்டின் சட்டம் அதற்கு அடிப்படை. எண்ணின் முடிவில் ‘ஏஎல்’ என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும், விளம்பரத்திலும் அதைக் காட்டியாக வேண்டும். பண்ணை வீடுகளும் கிராமத்து விடுதிகளும் சில சமயம் ‘கிராமப்புறச் சுற்றுலா’ என்ற வேறு பிரிவில் வரும். அவற்றுக்குத் தனிப் பதிவேடு உண்டு. இரண்டு பதிவேடுகளையும் நாட்டின் சுற்றுலா அமைப்பான ‘துரிஸ்மு டி போர்ச்சுகல்’ இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறது. எண்ணைப் போட்டு, வரும் முகவரியும் கொள்ளளவும் விளம்பரத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆறு பேருக்கான பதிவை வைத்துக்கொண்டு பத்துப் பேருக்கு விளம்பரம் செய்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எண் தராமல் ‘வந்து பேசிக்கொள்ளலாம்’ என்பவருக்கு முன்பணம் அனுப்பவே வேண்டாம்.

இந்த எண் வெறும் வரிக் கணக்குச் சமாச்சாரம் என்று அலட்சியம் செய்கிறவர்கள், அதோடு பிணைந்த கடமைகளைப் பார்ப்பதில்லை. பதிவு பெற்ற சிறிய வீடொன்றில் தீயணைப்பான், தீப்போர்வை, முதலுதவிப் பெட்டி ஆகியவை இருக்க வேண்டும். 112 என்ற அவசர எண் கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும். உரிமையாளர் பொறுப்புக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். 2018 ஆகஸ்டில் மொன்ஷீக் மலையில் பிடித்த தீ ஒரு வாரம் எரிந்து, ஏறத்தாழ 27,000 ஹெக்டேரை அழித்தது. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இவை அலங்காரப் பொருள்கள் அல்ல. காட்டையும் புதரையும் ஒட்டிய வீடுகளைச் சுற்றி 50 மீட்டருக்கு உரிமையாளர் புதர் வெட்டியிருக்க வேண்டும். சன்னலைத் திறந்தாலே அது தெரிந்துவிடும். தீ அபாயம் ‘மிக அதிகம்’ அல்லது ‘உச்சம்’ என்று வானிலை நிறுவனம் அறிவிக்கும் நாட்களில் தோட்டத்தில் கரி மூட்டி இறைச்சி வாட்டுவது குற்றம். வீட்டுக்காரர் தலையாட்டினாலும் குற்றம்தான். இன்னொன்று: இந்த வீடுகள் பலவற்றுக்குத் தெருப் பெயரே கிடையாது. போனவுடன் இருப்பிடத்தின் ஆயத்தொலைவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 112-ல் பேசுகிறவர் கேட்கும் முதல் கேள்வி ‘எங்கே’ என்பதுதான்.

அடுத்தது புகார்ப் புத்தகம், ‘லிவ்ரு டி ரெக்லமசோய்ஷ்’. பதிவு பெற்ற ஒவ்வொரு தங்குமிடத்திலும் இது இருக்க வேண்டும். கேட்டவுடன் தர வேண்டும். படிவத்தில் ஆங்கிலமும் அச்சாகியிருப்பதால் மொழி தெரியாது என்ற சாக்கு செல்லாது. மூன்று பிரதிகளில் ஒன்று உங்களுக்கு. அதைக் கிழித்து வாங்காமல் வெளியேறாதீர்கள். மூலப்பிரதியை உரிமையாளர் 15 வேலை நாட்களுக்குள் மேற்பார்வை அதிகாரிகளுக்கு அனுப்பியாக வேண்டும். புத்தகத்தைத் தர மறுத்தால் காவல்துறையை அழைக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. கிராமப்புறத்தில் அது ‘ஜிஎன்ஆர்’ எனும் தேசியக் குடியரசுக் காவல்படை. நேரில் மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்கள் இணையப் புகார்ப் புத்தகத்தில் எழுதலாம். அதற்கும் 15 வேலை நாட்களில் பதில் வர வேண்டும். எழுதும்போது கோபத்தைக் குறைத்து, தேதி, பதிவு எண், கட்டிய தொகை, கேட்கும் நிவாரணம் ஆகியவற்றை எழுதுங்கள். படங்களை வீட்டில் இருக்கும்போதே எடுத்து வையுங்கள். பதிவே இல்லாத வீடாக இருந்தால் புத்தகமும் இருக்காது. அப்போது பொருளாதாரக் கண்காணிப்பு அமைப்பான ‘அசாய்’க்கும் அந்த ஊர் நகராட்சிக்கும் எழுத வேண்டும். நகராட்சி அலுவலகங்கள் சுறுசுறுப்புக்குப் பேர்போனவை அல்லதான். ஆனால் எழுத்தில் பதிவான புகாரை அவர்களால் தூங்கவைக்க முடியுமே தவிர, வரவேயில்லை என்று சொல்ல முடியாது.

‘முன்பதிவுத் தளம் பார்த்துக்கொள்ளும், நமக்கெதற்கு இந்த அலைச்சல்’ என்பார்கள். தளங்கள் பணத்தைத் திருப்பித் தருவதும் உண்டு. ஆனால் கெடு வைத்திருக்கும், ஆதாரம் கேட்கும். கையில் புகார்ப் படிவத்தின் பிரதி இருந்தால் அங்கேயும் உங்கள் பேச்சுக்கு எடை கூடும். ‘ஐரோப்பாவில் எதையும் 14 நாட்களுக்குள் ரத்து செய்யலாமே’ என்பது இன்னொரு நம்பிக்கை. குறிப்பிட்ட தேதிக்கான தங்குமிடத்துக்கு அந்த உரிமை கிடையாது. கிடையவே கிடையாது, ரத்து நிபந்தனைகளைப் பணம் கட்டும் முன்பே படிக்க வேண்டும். எழுதிய புகாருக்குப் பதிலே வராவிட்டால், ஃபாரோ நகரில் அல்கார்வே பகுதிக்கான நுகர்வோர் தகராறு சமரச, நடுவர் மையம் இருக்கிறது. 5,000 யூரோ வரையிலான தகராறில் நுகர்வோர் நடுவர் தீர்ப்பைத் தேர்ந்தெடுத்தால் வியாபாரி விலக முடியாது என்பது 2019 முதல் சட்டம். பாரிஸிலிருந்தோ ஆஸ்லோவிலிருந்தோ போகும் தமிழர்களுக்குத் தங்கள் நாட்டு ஐரோப்பிய நுகர்வோர் மையம் இலவசமாக உதவும். லண்டன்காரர்களுக்கு அந்த வாசல் மூடிவிட்டது; அவர்கள் நேரே ஃபாரோவுக்கே எழுத வேண்டும், படிவப் பிரதியையும் பணம் கட்டிய ரசீதையும் சேர்த்து.