மின்விளக்கு மாற்றும் முறை

குற்றாலத்து ஐந்தருவியைச் சார்ந்த இல்லங்களும் விடுதிகளும் ஆனி முதல் ஆவணி வரை சாரலால் ஈரமுற்றிருத்தலை யாவரும் அறிவர். அக்காலத்தே பல்பு மாற்றுதல் எளிய தொழிலாயினும் உயிர்க்கு ஊறு விளைக்கவல்லது. ஆதலின் அம்முறையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

ஈரம் தோலின் மின்தடையைக் குறைக்கின்றது. எனவே 230 வோல்ட் மின்சாரம் உடலினுள் மிகுதியாகப் பாயும். சுவிட்சை அணைத்தல் மட்டும் போதாது. சில வீடுகளில் அது நியூட்ரல் கம்பியிற் பிழைபடப் பொருத்தப்பட்டிருக்கும். அங்கே விளக்கு அணைந்த பின்னும் ஹோல்டரின் முனைகளில் மின்சாரம் நிற்கும். ஆகவே பகற்போதில் மெயின் சுவிட்சையே அணைத்துவிடல் வேண்டும்.

பல்பு ஆறியபின், உலர்ந்த மர ஏணிமேல் நின்று, உலர்ந்த கையால் அதனை மெல்ல உள்ளழுத்தி இடப்புறம் திருப்பினால், நம் நாட்டில் வழங்கும் இருமுளைப் பல்பு கழன்றுவரும். புதியதை அவ்வாறே அழுத்தி வலப்புறம் திருப்புக.

கூரையிற் பதித்த விளக்குக் கூட்டில் காற்றோட்டமின்மையால் வெப்பம் தேங்கும். 60 வாட் இழைவிளக்கின் ஒளியை ஏறத்தாழ 9 வாட்டில் தரும் எல்.இ.டி. பல்பும், தன்னுள்ளிருக்கும் மின்னணுவுறுப்புகள் வெப்பத்தால் நலிய, விரைவிற் கெடும். மூடிய கூட்டுக்கு ஏற்றதென்று உறைமேற் குறிக்கப்பெற்றதையே கொள்க.

ஒருகணப் பொறுமை ஓருயிரைக் காக்குமென்பதை நம் மாணவர் மறவாதிருப்பாராக.