வாஷிங் மெஷின் தண்ணீர் எங்கே போகிறது? கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாக்களை டிடர்ஜென்ட் கொன்றுவிடுமா?

2019 டிசம்பர் தொடக்கத்தில், மழைக்குப் பிறகு சென்னை பட்டினப்பாக்கம் கடற்கரையில் வெள்ளை வெளேரென்று நுரை ஒதுங்கிக் கிடந்தது. குழந்தைகள் அதில் இறங்கி விளையாடினார்கள், பலர் செல்ஃபி எடுத்தார்கள். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையிலும் இதே கதைதான். தென்பெண்ணையில் தண்ணீர் திறந்துவிடும்போது மலை மாதிரி நுரை பொங்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள்.

தொழிற்சாலைக் கழிவு மீதும் புகார் உண்டு. ஆனால் இந்த நுரையில் நம் வீட்டு சோப்புத் தூளுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. அப்படின்னா கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இதை எடுக்க முடியாதா? நாம் கொட்டுகிற டிடர்ஜென்ட் அங்கே இருக்கும் பாக்டீரியாக்களையே காலி பண்ணிடுதா? வாங்க, பார்க்கலாம்.

டிடர்ஜென்ட்டில் என்ன இருக்கு?

முக்கியமான பொருள் சர்ஃபாக்டன்ட். இதன் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். அதனால்தான் துணியில் ஒட்டிய பிசுக்கை இழுத்துத் தண்ணீரோடு சேர்க்கிறது. நுரை வருவதும் இதனால்தான். சலவைத் தூளில் பரவலாகப் பயன்படுவது 'எல்ஏஎஸ்' எனப்படும் லீனியர் அல்கைல்பென்சீன் சல்ஃபோனேட்.

இதோடு உப்புத் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க சோடா, ஜியோலைட் அல்லது ஃபாஸ்பேட் சேர்ப்பார்கள். வாசனை, நிறம், கறை நீக்கும் என்சைம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்.

சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பது என்ன?

பாதாள சாக்கடை வழியாக வரும் கழிவுநீரைப் பெரிய தொட்டிகளில் நிரப்பி, கீழிருந்து காற்றை ஊதுவார்கள். அந்தக் காற்றில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் பெருகி, கழிவைத் தின்று கட்டிகட்டியாகச் சேரும். அந்தக் கசடு அடியில் படிந்ததும், மேலே தெளிந்த நீர் வெளியேறும். 1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அறிமுகமான முறை இது. இன்று உலகம் முழுக்கப் பரவலாக இருக்கிறது.

இந்த பாக்டீரியாக்களுக்கு எல்ஏஎஸ்ஸும் ஒரு சாப்பாடுதான். ஆக்சிஜனும் போதிய நேரமும் கிடைத்தால், நன்றாக இயங்கும் நிலையத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் நீங்கிவிடும். ஆக, சாதாரண வீட்டுச் சலவைத் தண்ணீர் பாக்டீரியாக்களைக் கொல்வதில்லை.

அப்போ பாதிப்பே இல்லையா?

இருக்கு. முதல் பாதிப்பு கரன்ட் பில்லில். சர்ஃபாக்டன்ட் காற்றுக் குமிழியின் மேல் ஒரு படலமாகப் படியும். குமிழியில் இருக்கும் ஆக்சிஜன் தண்ணீரில் கரைவது இதனால் குறையும். பாக்டீரியாக்களுக்கு அதே அளவு ஆக்சிஜன் போய்ச்சேர வேண்டுமென்றால் இன்னும் அதிகமாகக் காற்று ஊத வேண்டும். ஒரு நிலையத்தின் மின்சாரச் செலவில் பாதி அளவுக்குக் காற்று ஊதவே போகிறது என்பதால் இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது, திடீர்ச் சுமை. தினமும் ஒரே அளவில் வந்தால் பாக்டீரியாக்கள் பழகிக்கொள்ளும். ஒரேயடியாக நிறைய சர்ஃபாக்டன்ட்டோ, கிருமிநாசினியோ வந்தால் தடுமாறும். குறிப்பாக, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை. ஒருமுறை அடிபட்டால் மீண்டு வர நாளாகும்.

மூன்றாவது, ஃபாஸ்பேட். சாதாரண சுத்திகரிப்பில் இதில் ஒரு பகுதிதான் நீங்கும். மீதி ஏரிக்குப் போய் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகிவிடும். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் வீட்டுச் சலவை டிடர்ஜென்ட்டிலும், 2017-ல் டிஷ்வாஷர் டிடர்ஜென்ட்டிலும் ஃபாஸ்பேட்டுக்கு உச்சவரம்பு போட்டது.

ஒரு பழைய பாடம்

1950-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுத்திகரிப்பு நிலையங்களே நுரையில் மூழ்கின. அப்போது பயன்பட்ட சர்ஃபாக்டன்ட்டின் வால் பல கிளைகளாகப் பிரிந்திருக்கும். பாக்டீரியாக்களால் அதைச் சுலபமாக உடைக்க முடியவில்லை. சில ஊர்களில் கிணற்றுத் தண்ணீர்கூட நுரைத்தது.

மேற்கு ஜெர்மனியில், எளிதில் சிதையாத சர்ஃபாக்டன்ட்டுக்கு எதிரான சட்டம் 1964-ல் நடைமுறைக்கு வந்தது. 1965-ல் அமெரிக்க நிறுவனங்களும் மாறின. கிளை இல்லாத நேரான வால் கொண்ட எல்ஏஎஸ் வந்தது அப்போதுதான். பாக்டீரியாக்கள் அந்த வாலை நுனியிலிருந்து பிடித்துக் கடித்துத் தின்றுவிடும்.

அப்புறம் ஏன் இன்னும் நுரை வருது?

காரணம் இதுதான்: எல்ஏஎஸ் நன்றாகச் சிதைய காற்று வேண்டும். காற்றில்லாத இடத்தில் அது அவ்வளவாகச் சிதையாது. சுத்திகரிக்காத கழிவுநீர் நேராக ஏரிக்குப் போனால், அங்கே ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். சர்ஃபாக்டன்ட் அடியில் படியும் சேற்றில் ஒட்டிக்கொண்டு அப்படியே தங்கிவிடும்.

பெங்களூரு பெல்லந்தூர் ஏரியை ஆராய்ந்த இந்திய அறிவியல் கழக விஞ்ஞானிகள் சொன்னதும் இதைத்தான். சேற்றில் சேர்ந்த சர்ஃபாக்டன்ட்டை கனமழை கலக்கிவிடும்போது நுரை கிளம்புகிறது. பெல்லந்தூர் ஏரி நிரம்பினால் வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தென்பெண்ணைக்கும் தண்ணீர் போகும். கெலவரப்பள்ளி அணை அதே ஆற்றில்தான் இருக்கிறது.

சென்னையிலும் இதே மாதிரிதான். கூவம், அடையாறு ஆறுகளில் விடப்படும் சுத்திகரிக்காத கழிவுநீரை மழை வெள்ளம் அடித்துக்கொண்டு கடலுக்குப் போகும். அங்கே அலை அதைக் கடைந்து நுரையாக்குகிறது.

அதனால் ஆற்றில் நுரையைப் பார்த்தால், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமலோ, போயும் சரியாகச் சுத்தமாகாமலோ வருகிறது என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது. அந்த நுரையில் சோப்பு மட்டும் இல்லை, மலக்கழிவில் வரும் கிருமிகளும் இருக்கலாம். குழந்தைகளை அதில் விளையாட விடாதீங்க.

செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு

செப்டிக் டேங்க்கில் காற்று கிடையாது. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள்தான் அங்கே வேலை பார்க்கின்றன. வழக்கமான அளவு டிடர்ஜென்ட்டை அவை தாங்கும், ஆனால் எல்ஏஎஸ்ஸைப் பெரிதாகச் சிதைக்காது. டாய்லெட் ஆசிட், ப்ளீச்சிங் பவுடர், ஃபினாயில் ஆகியவற்றை அளவில்லாமல் ஊற்றினால் பாக்டீரியாக்கள் அடிபடும், டேங்க் சீக்கிரம் நிரம்பும். ஆசிட்டையும் ப்ளீச்சையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றக் கூடாது. அதில் வரும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து.

நாம என்ன செய்யலாம்?

* பாக்கெட்டில் சொன்ன அளவு மட்டும் போடுங்க. நுரை அதிகம் வந்தால் அழுக்கு அதிகம் போகும் என்பது தப்பான எண்ணம். ஃப்ரன்ட் லோடு மெஷினுக்கு நுரை குறைவான, அதற்கான தூளையே வாங்குங்க.

* மெஷின் தண்ணீரை மழைநீர் வடிகாலில் விடாதீங்க. வடிகால் நீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்காமலே ஆற்றுக்குப் போய்விடும். பாதாள சாக்கடை இணைப்பு இருந்தால் அதில்தான் விட வேண்டும்.

* செப்டிக் டேங்க் வீடுகளில் ஒரு வாரத் துணியையும் ஞாயிற்றுக்கிழமையே துவைத்து முடிக்காமல், நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளுங்க. ஒரே நாளில் நிறைய தண்ணீர் போனால், படிந்த கசடும் கலங்கி வெளியே வந்துவிடும். 2, 3 வருடங்களுக்கு ஒருமுறை, உரிமம் பெற்ற லாரி மூலம் கசடை எடுத்துவிடுங்க. யாரையும் டேங்க்குக்குள் இறங்க விடக் கூடாது.

* ஃபாஸ்பேட் இல்லாத தூள் கிடைத்தால் அதையே எடுங்க.

உங்கள் தெருவில் பாதாள சாக்கடை இருந்தும் வீட்டுக் கழிவுநீர் மழைநீர் வடிகாலில் கலக்கிறதா? சென்னையில் குடிநீர் வாரியத்திலும், மற்ற ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்திலும் புகார் செய்யலாம். அந்தத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், மிச்ச வேலையில் பெரும்பகுதியை பாக்டீரியாக்கள் பார்த்துக்கொள்ளும்.