தழும்பை முந்திக்கொண்ட சிரிப்பு

நாகேஷ் என்றதும் தருமி நினைவுக்கு வருவார், 'சர்வர் சுந்தரம்' நினைவுக்கு வரும். அம்மை நினைவுக்கு வருவதில்லை. 1933ல் தாராபுரத்தில் பிறந்த குண்டுராவ்தான் பின்னாளில் நாகேஷ். கோவையில் கல்லூரியில் படிக்கும் வயதில் அவருக்குப் பெரியம்மை கண்டது. உயிர் பிழைத்தார், முகமெல்லாம் தழும்பு.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த நோயே தெரியாது. இந்தியாவில் அது கடைசியாகக் கண்டது 1975ல். உலகிலிருந்தே ஒழிந்தது என்று 1980ல் அறிவித்தார்கள். என் சிறு வயதில் தெருவுக்கு ஒரு தழும்பு முகமாவது இருக்கும். அதற்கொரு பட்டப்பெயரும் இருக்கும். நாளுக்குப் பத்துத் தடவை கண்ணாடி பார்க்கும் வயதில் கண்ணாடியே பகையாகிவிட்டால் ஒரு பையன் என்ன செய்வான்?

நாகேஷ் பிற்பாடு எங்கள் ரயில்வேயில் குமாஸ்தாவானார். (சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.) ஒரு நாடகத்தில் அவருக்கு வயிற்றுவலிக்காரன் வேடம், சில நிமிடம்தான். ஒல்லி உடம்பை முறுக்கி நெளித்த நெளிப்பில் கொட்டகை அதிர்ந்தது. தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே அதைப் பாராட்டினார். பிறர் கேலி செய்வதற்கு முன் தானே முந்திக்கொண்டால், எறிய வந்தவன் கையில் கல் இருக்காது. அழகில்லாத முகத்தை நம்பியே கே. பாலசந்தர் எழுதிய கதைதான் 1964ல் படமாக வந்த 'சர்வர் சுந்தரம்'.

சார்லி சாப்ளின் கதை இதைவிடக் கொடுமை. 1901ல் தகப்பனார் குடியால் இறந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. 1903ல் மனநிலை குலைந்த தாயாரை மருத்துவமனைக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போனவர் பதினான்கு வயதுச் சார்லியே. 1921ல் 'தி கிட்' படத்தில் அநாதைக் குழந்தையை வைத்து உலகத்தையே சிரிக்க வைத்தார். அந்தப் பசி அவர் பட்ட பசி.

ஆனால் எல்லாச் சிரிப்பும் மருந்தல்ல. கனடா நாட்டு உளவியல் அறிஞர் ராட் மார்ட்டினும் அவர் குழுவினரும் 2003ல் நகைச்சுவையை நான்கு வகையாகப் பிரித்தார்கள். கஷ்டத்திலும் வேடிக்கையைக் கண்டு தன்னைத் தேற்றிக்கொள்வது ஒன்று. பிறர் சிரிக்கட்டும் என்று தன்னையே மட்டம் தட்டிக்கொள்வது மற்றொன்று. பின்னதைப் பழகியவர்களிடம் மனச்சோர்வு அதிகம் காணப்பட்டது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வகுப்பில் சதா கோமாளி வேஷம் போடும் பையனைப் பற்றிப் பெற்றோர் நிம்மதியாக இருந்துவிடுவது அதனால்தான்.

இங்கே டெலானிபூரில் எங்கள் தெருவில் ஒரு பையன் போன வருஷம் தகப்பனாரை இழந்தான். கருமாதியன்று வைத்த சோற்றைக் காக்கை தொடவே இல்லை. எல்லோரும் கலங்கி நிற்க, "அப்பாவுக்கு உப்பு கம்மியா இருந்தா பிடிக்காதே" என்றான் அவன். பெரியவர் ஒருவர் கையை ஓங்கிவிட்டார். அதற்குள் அவன் தாயார் சிரித்துவிட்டார். பதினாறு நாளில் முதல் சிரிப்பு. பிறகு அந்த அம்மா அழுத அழுகை வேறு மாதிரி இருந்தது.

சாயங்காலம் வரை பையன் மொட்டை மாடியில் தனியாகவே இருந்தான். டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசவில்லை. இப்போதெல்லாம் என்னைக் கண்டால், ரயிலே ஓடாத இந்தத் தீவில், "தாத்தா, ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறான்.

"மூணு மணி நேரம் லேட்டுப்பா" என்பேன்.