புள்ளி சொல்வதும் கோடு சொல்வதும்

'அளவை' என்னும் தமிழ்ச்சொல் இருபொருள் உடையது. நாழியாலும் முழக்கோலாலும் அளப்பது அளவை. ஒரு பொருளின் உண்மையைத் துணிதற்குரிய பிரமாணமும் அளவையே. நம் தருக்க நூலார் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனையும் தலையாய அளவைகளாகக் கொண்டனர். கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காண்டல். கண்டது கொண்டு காணாததைத் துணிவது கருதல். மலையிலே புகையைக் கண்டு ஆங்கே நெருப்புண்டு எனத் துணிவது இதன்பாற்படும். நம்பத்தக்கார் கூற்றினைக் கொண்டு அறிவது உரை.

விஞ்ஞான மாணாக்கர் வரைபுத்தாளில் இடுகின்ற புள்ளிகள் யாவும் காண்டல். அப்புள்ளிகளின் ஊடாக அவர் இழுக்கின்ற கோடு கருதல். பென்சிலும் அடிமட்டமும் கொண்டு கையால் இழுத்த அக்கோட்டை இன்று கணினி இமைப்பொழுதில் இழுத்துத் தருகின்றது. அங்ஙனமாயின், அக்கோடு யாருடைய கருதல்? கணினி சொல்லிற்று என்று நாம் ஏற்றுக்கொள்வோமாயின், அஃது உரையளவை ஆகிவிடாதா? இவ்வினாவுக்கும் தமிழாசிரியனுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். எங்கள் கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் வரைபுகளில் இடுதற்குத் தமிழ்ச் சொற்கள் வேண்டி என்னை நாடினார். அவ்வழியே இத்துறையினுட் புகுந்த யான், இது மொழி கற்பிப்போரும் சிந்திக்க வேண்டிய பொருள் என்று கண்டேன்.

கடல் எழுதிய வரைபு

உப்புவெளிக் கரையில் வாழ்வோர்க்குக் கடலின் ஏற்றமும் வற்றமும் புதியன அல்ல. கரைவலை இழுப்போர் திங்களின் வளர்ச்சியையும் தேய்வையும் நோக்கியே நீரின் போக்கை மதிப்பர். நம் கடலின் ஓதம் பெரிதன்று. இலங்கையைச் சூழ்ந்த கடலிலே நீர் ஏறி இறங்கும் உயரம் பொதுவாக ஒரு மீற்றரிலும் குறைவே. ஆயினும், அச்சிறு ஏற்றத்தினுள் ஞாயிறும் திங்களும் செய்யும் தொழில் முழுவதும் அடங்கியுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய நில அளவைத் திணைக்களத்தார் பல துறைமுகங்களில் ஓதமானிகளை நிறுவிக் கடல்மட்டத்தை இடைவிடாது பதிவு செய்தனர். அவ்வரிசையிலே திருகோணமலைத் துறைமுகமும் இடம்பெற்றது. மிதவை ஒன்று நீருடன் ஏறி இறங்க, அதனோடு பிணைத்த எழுதுகோல் சுழலும் உருளைத்தாளில் அலைபோன்ற கோட்டினை வரைந்துகொண்டே செல்லும். கடல் தன் கையாலேயே எழுதிய வரைபு அது.

அக்கோட்டைப் படித்தல் எளிதன்று. திங்களால் எழும் ஓதம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வருவது. ஞாயிற்றால் எழுவது 12 மணிக்கு ஒருமுறை வருவது. நாளொன்றுக்கு ஒருமுறை வரும் ஓதங்களும் உள. இவையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. திங்களோதமும் ஞாயிற்றோதமும் ஒத்துச்சேரும் காலம் அமாவாசையையும் பௌர்ணமியையும் அடுத்து வரும். பழந்தமிழர் இவ்விரு நாளையும் 'உவா' என்னும் ஒரே சொல்லாற் சுட்டினர். கடலளவில் நோக்குங்கால் அது மிகப் பொருத்தமான சொல்லாட்சியே. இரு நாளிலும் கடல் ஒரே வகையாகப் பொங்குகின்றது.

படிந்து கிடக்கும் அலைகளைத் தனித்தனியே பிரித்தெடுக்கும் கணிதமுறையைப் பிற்காலத்திற் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன் வகுத்தார். சாள்ஸ் டார்வினின் மைந்தராகிய ஜோர்ஜ் டார்வின் விரித்தார். பிரித்த அலைகளை மீண்டும் கூட்டி, வருங்கால ஓதத்தை முன்னறிந்து வரைவதற்குக் கப்பிகளும் கயிறும் கொண்ட பொறி ஒன்றினையும் 1872ஆம் ஆண்டளவிலே தொம்சன் அமைத்தார். இந்தியத் துறைமுகங்களுக்கென 1879ஆம் ஆண்டில் இலண்டனிலே தனிப்பொறி ஒன்று செய்யப்பட்டது. இன்று நம் மேசைமேல் இருக்கும் வரைபு மென்பொருளின் முன்னோருள் இப்பொறிகளும் அடங்கும் எனலாம்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்த பின்னர், கடல்மட்டத்தை இடையறாது நோக்க வேண்டிய இன்றியமையாமை யாவர்க்கும் புலனாயிற்று. பழைய உருளைத்தாளின் இடத்தை இப்பொழுது எண்களே பிடித்துள்ளன. அவ்வெண்களுக்குப் பொருள் காண்பதற்குரிய கருவிதான் நாம் பேசும் மென்பொருள்.

கோடு பிறக்கும் முறை

சிதறிக் கிடக்கும் புள்ளிகளுக்கு மிகப் பொருந்திய கோடு எது? 1805ஆம் ஆண்டிலே பிரெஞ்சுக் கணிதவறிஞர் லெஜாந்தர் இதற்கு ஒரு விதி கூறினார். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று காண்க. அவ்விலகல்களை வர்க்கித்துக் கூட்டுக. எக்கோட்டிற்கு அக்கூட்டுத்தொகை மிகச் சிறிதோ, அதுவே ஏற்புடைய கோடு. இதனை நம் பாடநூல்கள் இழிவு வர்க்க முறை என்கின்றன. ஜெர்மானிய அறிஞர் கௌஸ், தாம் இதனை முன்னரே கையாண்டதாகக் கூறினார். 1801ஆம் ஆண்டின் முதல் நாளிற் கண்டறியப்பட்டுச் சில வாரங்களில் ஞாயிற்றொளியில் மறைந்துபோன சீரிஸ் என்னும் சிறுகோள், கௌஸ் கணித்துக் கூறிய இடத்தின் அருகே அவ்வாண்டின் இறுதி நாளில் மீண்டும் காணப்பட்டது. சில புள்ளிகளைக் கொண்டு வானத்திலே காணாததைக் கண்ட கருதலளவை அது.

நேர்கோட்டிற்கு இவ்விதி எளிதிற் செல்லும். வளைகோடுகள் பலவற்றிற்கு அவ்வாறு செல்லாது. அவற்றிற்கு லெவென்பேர்க் 1944இலும் மார்குவார்ட் 1963இலும் வகுத்த முறையே இன்று பெரும்பாலான மென்பொருள்களின் உள்ளிருந்து தொழிற்படுகின்றது. அதன் இயல்பு அறியத்தக்கது. முதலில் மனிதன் ஓர் ஊகத்தைக் கொடுத்தல் வேண்டும். பொறி அவ்வூகத்தைப் படிப்படியாகத் திருத்திச் செல்லும். ஊகம் உண்மைக்கு அணித்தாயின் விடை விரைவில் வரும். மிகத் தொலைவாயின், பொறி வேறொரு பள்ளத்தில் இறங்கி, அதுவே அடித்தளம் என்று நின்றுவிடும். ஓதத்தின் காலத்தை 12 மணி என்னாது 9 மணி என்று தொடக்கத்திற் கொடுத்தால், பொருளற்ற ஓர் அலையைக் கணினி தயங்காது வரைந்து காட்டக்கூடும்.

இம்மென்பொருள்கள் பலவகை. ஒரிஜின் என்பது ஆய்வுகூடங்கள் பல விலைகொடுத்து வாங்கிப் பயன்படுத்துவது. தோமஸ் வில்லியம்ஸ், கொலின் கெல்லி என்போர் 1986ஆம் ஆண்டிலே தொடங்கிய நியூபுளொட் விலையின்றிக் கிடைப்பது. கட்டளைகளைத் தட்டெழுதி அதனை இயக்கலாம். லாப்புளொட் என்பதும் விலையற்றது. விரிதாளில் எண்களை இட்டுச் சுட்டியால் தெரிவு செய்தாலே வரைபும் பொருத்தமும் தரவல்லது. பழைய கணினி ஒன்றேயுள்ள கிராமப் பாடசாலையும் பணச்செலவின்றி இவற்றைப் பெறலாம் என்பது நம் ஆசிரியர்கள் கருத்திற் கொள்ளத்தக்கது. நகரக் கல்லூரிக்கும் கடற்கரைச் சிற்றூர்ப் பாடசாலைக்கும் இடையேயுள்ள உயர்வு தாழ்வு இவ்வொரு துறையிலேனும் குறைய வழியுண்டு.

நான்கு படங்கள் தரும் பாடம்

கருவி எளிதாகும்போது கவனம் குறைதல் இயல்பு. பிரான்சிஸ் அன்ஸ்கொம் என்னும் புள்ளிவிபரவியலார் 1973இல் நான்கு எண்தொகுதிகளை அமைத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் பதினொரு சோடி எண்கள். நான்கிற்கும் சராசரிகள் ஒன்றே. பரம்பல் அளவு ஏறத்தாழ ஒன்றே. கணினி தரும் நேர்கோடும் ஒன்றே. எண்களை மட்டும் நோக்குவோர் நான்கும் ஒரே பொருள் என்று துணிவர். வரைந்து பார்த்தாலோ, முதலாவது நேர்கோட்டை ஒட்டிய சிதறல்; இரண்டாவது தெளிவான வளைகோடு; மூன்றாவதில் ஒரேயொரு புள்ளி விலகி நின்று கோட்டைத் தன்பக்கம் இழுக்கின்றது; நான்காவதிலோ தனித்த ஒரு புள்ளி இல்லையாயின் கோடு என்பதே இல்லை. காண்டலை விட்டுக் கருதலுக்குத் தாவுதல் எத்துணைக் கேடு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மற்றொரு மயக்கமும் உண்டு. பத்துப் புள்ளிகள் இருப்பின், ஒன்பதாம் படிப் பல்லுறுப்புக் கோவை ஒன்று அப்பத்தினூடும் பிசகாது செல்லும். விலகல் சிறிதும் இல்லை என்று மாணாக்கர் மகிழ்வர். ஆயின், பதினோராம் புள்ளியை அளந்து இட்டால், அக்கோடு அதனை விட்டு வெகுதூரம் செல்லக்கூடும். புள்ளி அனைத்தையும் மனப்பாடம் செய்த கோடு அது. பொருள் உணர்ந்த கோடு அன்று. வரி வரியாக ஒப்புவித்துப் பொருள் கேட்டால் விழிக்கும் மாணாக்கரை வகுப்பிற் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

வழுவும் வழுவமைதியும்

இலங்கைப் பாடநூலார் அளவீட்டில் நேரும் பிழையை 'வழு' என்றே வழங்குகின்றனர். பூச்சிய வழு, சதவீத வழு என்பன மாணாக்கர் நாவிற் பயின்ற தொடர்கள். இலக்கணத்தில் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று நிலை கூறுவர். குற்றமற்றது வழாநிலை. குற்றம் உடையது வழு. குற்றமாயினும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. அன்பு மிகுதியால் ஒரு பசுவை அம்மை என்று உயர்திணையாற் கூறுதல் போல்வது. இப்பாகுபாடு அளவீட்டிற்கும் பெரிதும் பொருந்தும்.

எளிய ஊசலை எடுத்துக்கொள்வோம். நூலின் நீளத்தை மாற்றி மாற்றி அலைவுகாலத்தை அளந்து, காலத்தின் வர்க்கத்தை நீளத்திற்கு எதிரே குறித்தால் நேர்கோடு வரும். நீளம் மீற்றரிலும் காலம் செக்கனிலும் இருப்பின், அதன் படித்திறன் 4.04 அளவில் அமையும்; 39.48ஐ அதனால் வகுக்கப் புவியீர்ப்பு ஆர்முடுகல் ஏறத்தாழ 9.77 என வரும். கோடு உற்பத்திப் புள்ளியினூடு செல்ல வேண்டும் என்பது கொள்கை. செல்லாது மேலே சற்றே வெட்டினால் என் செய்வது? சிலர் கோட்டை வலிந்து உற்பத்தியினூடு இழுப்பர். அறிந்தவர் அங்ஙனம் செய்யார். குண்டின் மையம் வரை அளவாது அதன் மேல்விளிம்பு வரை மட்டும் அளந்திருந்தால், ஒரு சென்ரிமீற்றர் ஆரையுடைய குண்டிற்கு அவ்வெட்டுத்துண்டு 0.04 அளவில் வரும். கோடு தன் வழுவைத் தானே சொல்கின்றது! படித்திறனோ மாறவில்லை, விடையும் கெடவில்லை. காரணம் அறிந்து அமைத்துக்கொள்ளும் இவ்வழுவையே யான் வழுவமைதி என்பேன். காரணம் காணாது மறைப்பதே வழு.

ஆதலின், மென்பொருள் தரும் படித்திறனோடு அது தரும் நியம வழுவையும் சேர்த்தே எழுதுமாறு மாணாக்கரைப் பழக்குதல் வேண்டும். கோட்டிற்கும் புள்ளிக்கும் உள்ள எச்சங்களைத் தனிப்படமாக வரையச் செய்தல் வேண்டும். எச்சங்கள் ஒழுங்கின்றிச் சிதறியிருப்பின் கோடு நன்று. அவை வில்போல் வளைந்திருப்பின், நாம் கருதிய விதி வேறு, இயற்கையின் விதி வேறு.

அச்சின்மேல் தமிழ்

வரைபின் அச்சுகளிலே பெயரும் அலகும் எழுதப்படல் வேண்டும். தமிழ் மூலம் விஞ்ஞானம் பயிலும் நம் பிள்ளைகள் கையால் வரையுங்கால் 'நீளம்', 'அலைவுகாலம்' என்று எழுதுகின்றனர். கணினி முன் அமர்ந்தவுடன் ஆங்கிலத்திற்கு மாறுகின்றனர். இதற்குக் காரணமும் உண்டு. சில மென்பொருள்கள் தமிழ் எழுத்துகளை உரிய முறையிற் கோக்கமாட்டா. எழுத்திற்கு முன் நிற்க வேண்டிய கொம்பு பின்னே சென்று நிற்கும். 'வெப்பநிலை' என்பதனை வாசிக்க இயலாது. வேறு சிலவற்றிலோ தமிழ் பிழையின்றி அமைகின்றது. மென்பொருளைத் தெரிவு செய்யும் பாடசாலை, முதலில் 'கொதிநிலை', 'வேகம்' என இரண்டு சொற்களை அச்சில் இட்டுப் பார்த்துத் தெரிவு செய்க.

சொற்களிலும் ஒருமை வேண்டும். நாம் வரைபு என்பதைத் தமிழ்நாட்டார் வரைபடம் என்பர். நாம் படித்திறன் என்பதை அவர் சாய்வு என்பர். நமக்கு வழு, அவர்க்குப் பிழை. இரண்டும் நல்ல தமிழே. ஆயின் இரு கரை மாணாக்கரும் ஒரே கணினியில் ஒரே மென்பொருளைக் காணும் இந்நாளில், இருவழக்கையும் அருகருகே தரும் சிறு சொற்பட்டியல் ஒன்று ஒவ்வோர் ஆய்வுகூடத்திலும் தொங்குதல் நன்று. அதனைத் தொகுத்தல் தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒருங்கிருந்து செய்யத்தக்க பணி.

செய்யத்தக்கது

இவ்வூர்ப் பாடசாலைகளுக்கு ஒரு முயற்சியைப் பரிந்துரைக்க விரும்புகின்றேன். உட்குடாவின் அமைதியான படித்துறை ஒன்றிலே, உரியோர் அனுமதி பெற்று, அளவு பொறித்த கம்பம் ஒன்றினை நாட்டுக. மாணாக்கர் முறைவைத்து மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறிக்க. திங்களோதத்தையும் ஞாயிற்றோதத்தையும் பிரித்தறிய ஏறத்தாழப் பதினைந்து நாள் அளவீடு வேண்டும். ஓர் உவாவிலிருந்து அடுத்த உவா வரையிலான காலம் அது. இழிவு வர்க்க முறைக்கு இடைவிடாத அளவீடு கட்டாயமன்று. இரவு விடுபடினும் திங்களோதம் வெளிப்படும். ஞாயிற்றோதமோ பகல் அளவீடுகளால் மட்டும் தெளிவுறாது. அதன் வழு பெரிதாக வரும். அங்ஙனம் வருவதையும் மறையாது எழுதுக. அதுவும் ஒரு பாடமே.

முதல் மூன்று நாள் அளவீடுகளைக் கையாலேயே வரைபுத்தாளிற் குறிப்பாராக. அதன்பின் கணினியை நாடுக. தன் கையாற் புள்ளியிட்ட மாணாக்கர் கணினியின் கோட்டைக் கண்டவுடன், 'இப்புள்ளி ஏன் விலகியது? அன்று காற்று வீசியதா? அளந்தவர் யார்?' என வினவுவர். அவ்வினா எழுந்தால், கணினியின் கோடு உரையளவையாக நில்லாது அவருடைய சொந்தக் கருதலாகிவிடும். எண்களை ஏற்றி விடையை மட்டும் படியெடுப்பவர்க்கு அவ்வினா எழாது. கணினி பிழைபடினும் அவர் அறியார்.

கம்பம் ஒன்று, குறிப்பேடு ஒன்று, பழைய கணினி ஒன்று. இவற்றிற்கு மேல் இம்முயற்சிக்கு வேண்டுவன அதிகம் இல்லை. அடுத்த உவாவிற்கு முன்னர் எப்பாடசாலையேனும் இதனைத் தொடங்குமாயின், அச்சுகளில் இடவேண்டிய தமிழ்ச் சொற்களை எழுதிக் கொடுக்க யான் ஆயத்தமாக உள்ளேன்.