யன்னற் படமும் மழைநீரும்

பஸ் வண்டியின் யன்னற் கண்ணாடி முழுவதையும் விளம்பரப் படம் மூடியிருக்கும். உள்ளே இருப்பவருக்கோ வீதி தெரியும். இதில் மாயம் ஏதுமில்லை. கண்ணாடியில் ஒட்டிய வினைல் படலத்தில் ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளைகள் நெருக்கமாக இடப்பட்டுள்ளன. படம் அச்சாகும் வெளிப்புறம் வெண்மை, உட்புறம் கறுப்பு. கறுப்பு ஒளியைத் தெறிக்க விடாது. ஆதலின் உள்ளிருப்பவரின் கண் துளைகளூடே வரும் வெளிச்சத்தையே பற்றுகிறது. இரவில் உள்ளே விளக்கெரிந்தால் நிலைமை மாறிவிடும்.

துளைகள் பாதியிடத்தைக் கொண்டால் பார்வை நன்று. 30 வீதமேயானால் படம் செழிக்கும், பார்வை மங்கும்.

மழை பெய்யும்போதுதான் தொல்லை பிறக்கிறது. துளைதோறும் நீர் தங்கி வீதி கலங்கித் தெரியும். தூசியும் அங்கே குடிகொள்ளும். ஆகவே வாகனத்துக்குத் துளையற்ற தெளிந்த மேலுறை இன்றியமையாதது. பின்கண்ணாடியில் துடைப்பான் இருந்தால் சொல்லவும் வேண்டுமா? மேலுறையிலும் இருவகை உண்டு. உருளைகளிடையே நசுக்கி இழுத்துச் செய்தது, வெயில் பட்டதும் சுருங்க முயலும், ஓரங்கள் கிளம்பும். திரவமாக வார்த்து உலர்த்தியதற்கு அக்குறை மிகச் சிறிது. விலை அதிகந்தான். எனினும் துளைகளின்மேல் பாலம்போல நிற்கும் உறைக்குப் பற்றிடம் குறைவு. இங்கே சிக்கனம் பார்ப்பது வீண்செலவு. மை நன்கு உலர்ந்த பின்னரே உறையிடல் வேண்டும். சாரதி வழி பார்க்கும் முன்கண்ணாடிக்கோ இப்படலம் எவ்வகையிலும் ஆகாது.