மீளக்குடியேறிய காணிக்கு எந்த வேலி?

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர், கால் நூற்றாண்டு கடந்த பின்பே தம் காணிகளில் கால் வைத்தனர். வீட்டோடு வேலியும் அழிந்திருந்தது. எல்லை காட்ட ஒரு கதியால்கூட இல்லை. மதில் கட்டப் பெருந்தொகை வேண்டும். உயிர்வேலிக்கு அயலில் வெட்டும் தடிகளே போதும். ஆனால் இடமறிந்து மரத்தைத் தெரிய வேண்டும்.

ஆண்டு முழுவதும் மறைப்பு வேண்டுமானால் பூவரசு சிறந்தது. கோடையிலும் பச்சையாக நிற்கும். உவர்க்காற்றையும் தாங்குவதால் மயிலிட்டி போன்ற கரையோரங்களுக்கு ஏற்றது. சோழகக் காற்று வீசும் தென்மேற்குப் பக்கத்தில் இதையே நெருக்கி நடலாம். கிளுவை வரட்சிக்கு அசையாது. அதன் முள் மாட்டைத் தடுக்கும். ஆனால் கோடையில் இலை உதிர்க்கும். சீமைக்கிளுவை விரைந்து வளர்ந்து ஆட்டுக்குக் குழை தரும். அதுவும் வரட்சியில் இலை கொட்டும். ஆகவே இவற்றை நடுவோர் இடையிடையே பூவரசையும் சேர்ப்பது நல்லது.

ஐப்பசி மழை தொடங்கியதும், முற்றிய தடிகளை ஆறடி நீளத்தில் வெட்டி, ஒன்றரை அடி ஆழத்தில், அடிக்கு ஒன்றாக நடுங்கள். தழைக்கும்வரை கிடுகு கட்டி மறைக்கலாம். பின்னர் ஆண்டுதோறும் வெட்டும் குழை தோட்டத்துக்குப் பசளையாகும்.

நடுவதற்கு முன் இரண்டு விடயங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத நிலத்தில் அலவாங்கு போடாதீர்கள். எல்லையை நில அளவையாளரைக் கொண்டு, அயலவர் முன்னிலையில் குறியுங்கள். வேர்விட்ட கதியாலைப் பின்னர் நகர்த்துவது கடினம். அதனால் எழும் எல்லைச் சண்டையைத் தீர்ப்பது அதைவிடக் கடினம்.